ஓடாத படகுக்குத்தான் ஆள் வேண்டும்

"மாப்ள, மொதலாளி வருசத்துல ஒரு மாசங்கூட அங்க இருக்க மாட்டாருங்க. பெறவு மிச்ச நாளெல்லாம் மூணு பேரும் என்ன சோலிதான் பாக்கிய?"

தூத்துக்குடியிலிருந்து மச்சான் போனில் கேட்கிற கேள்வி இது. அவர் மட்டும் கேட்பதில்லை. பொழுதுபோக்காக மீன்பிடிக்கக் கோடிக்கணக்கில் கொட்டிப் படகு வாங்கிய ஓனர்களும் அவர்களுடைய கணக்குப்பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். படகு சும்மா கட்டிக் கிடக்கிற மாதங்களுக்கு எதற்கு மூன்று சம்பளம்? சீசனுக்கு ஆள் எடுத்துக்கொண்டு, சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டால் என்ன?

இதற்கு முறையாக ஒரு பதில் எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தவரை, தினமும் ஓடுகிற படகுக்கு வேண்டிய கவனிப்பைவிட ஓடாத படகுக்கு வேண்டிய கவனிப்பு அதிகம். கடலில் மிதக்கிற எந்தப் பொருளையும் கடல் சும்மா விடாது. ஓடும்போது அது செய்கிற சேதம் சத்தமாகவாவது தெரியும். நிற்கும்போது செய்வது வெளியே தெரியவே தெரியாது.

நான் வேலை பார்ப்பது மொரீஷியஸின் மேற்குக் கரையில், ரிவியேர் நுவார் என்று இங்குள்ளவர்கள் சொல்லும் பிளாக் ரிவரில். தெற்கே லெ மோர்ன் மலை, வடக்கே தமரின் உப்பளங்கள். தென்கிழக்கிலிருந்து வீசுகிற காற்றைத் தீவின் மலைகளே மறித்துவிடுவதால் இந்தப் பக்கத்துக் கடல் பெரும்பாலும் அடங்கித்தான் கிடக்கும். பவளப்பார் இடைவெளியைத் தாண்டி வெளியே வந்தால் ஓரிரு மைலுக்குள் ஆழம் 500 மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அவ்வளவு ஆழம் பார்க்க மன்னார் வளைகுடாவில் எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்று நம்மூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சரிவின் விளிம்பை ஒட்டித்தான் சூரை மீன் கூட்டம் வரும். சூரைக்குப் பின்னால் நீல மார்லின் வரும்.

மார்லின் நம்மூர் மயில்மீனுக்குச் சொந்தம்தான். முதுகுத் துடுப்பு சிறிது, உடம்பு பல மடங்கு பெரிது. பெரிதாக இருப்பதெல்லாம் பெண்மீன். ஆண்மீன் 150 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். 1,000 பவுண்டுக்கு மேல் போனால், அதாவது 453 கிலோவுக்கு மேல், அதைக் 'கிராண்டர்' என்பார்கள். ஒரு கிராண்டரைப் பார்த்துவிட வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க ஊர் ஊராகச் சுற்றுகிற பணக்காரர்கள் உலகத்தில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் நவம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கே வருகிறார்கள். 1988-இல் இதே பிளாக் ரிவர் கடலில் தூண்டிலில் பிடிபட்ட 505 கிலோ மாக்கோ சுறா 2001 வரை உலகச் சாதனையாக இருந்தது. அப்படிப்பட்ட கடல்.

எங்கள் படகு அமெரிக்காவில் கட்டியது. 60 அடிக்கு மேல் நீளம். அணியம் உயர்ந்தும் பின்பக்கம் தண்ணீரைத் தொடுகிற மாதிரி தாழ்ந்தும் இருக்கும். பின்தளத்தின் நடுவில் சுழலும் நாற்காலி. பெரிய மீனோடு மல்லுக்கட்டுகிறவர் அதில்தான் உட்காருவார். இரண்டு பக்கமும் தூண்டில் கயிறுகளை விரித்துப் பிடிக்கிற, கொக்கின் கால் மாதிரி நீண்ட அவுட்ரிகர் கம்புகள். கீழே இரண்டு கேட்டர்பில்லர் சி32 எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 12 சிலிண்டர், 32 லிட்டர், சுமார் 1,900 குதிரைத்திறன். இவை போக இரண்டு ஜெனரேட்டர், கடல்நீரைக் குடிநீராக்கும் மெஷின், ஏசி, ஐஸ் மெஷின், படகு ஆடாமல் இருக்க வெற்றிட உருண்டைக்குள் ஆயிரக்கணக்கான சுற்றில் சுழலும் கைரோ. நாங்கள் மூன்று பேர்: கேப்டன், எஞ்சினையும் பின்தளத்தையும் பார்த்துக்கொள்ளும் நான், ஒரு டெக் பையன்.

இங்கே வருவதற்கு முன் நான் தூத்துக்குடியில் விசைப்படகு எஞ்சின் வேலை பார்த்தவன். அசோக் லேலண்ட் எஞ்சின், காலையில் போய் ராத்திரிக்குள் திரும்புகிற தங்கல் இல்லாத தொழில். அந்தப் படகுகளில் பாதிக்கு ஒழுங்கான மீட்டர்கூட இருக்காது. ஆனால் ஓடும். ஏன் ஓடுகிறது என்றால் தினமும் ஓடுவதால்தான் ஓடுகிறது. எண்ணெய் எல்லா இடத்துக்கும் போகிறது, ரப்பர் காய்வதில்லை, டீசல் டாங்கில் தங்குவதில்லை. டிரைவருக்கு எஞ்சின் சத்தம் தூக்கத்திலும் தெரியும். அப்புறம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அந்த 61 நாளில் ஊரே படகைக் கரையேற்றி வேலை பார்க்கும். பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, எஞ்சினை இறக்குவது எல்லாம் அப்போதுதான். தடைக்காலம் மீன் குஞ்சுக்காக வந்தது என்றாலும் அதனால் பிழைத்த படகுகள் ஏராளம். நிற்கிற நாள்தான் வேலை நாள் என்பதை அங்கே யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

தனியார் படகில் இந்த அறிவு எப்படியோ தொலைந்துவிடுகிறது. "ஓடவே இல்லையே, எப்படிக் கெடும்?" என்று ஓனர் நிஜமாகவே ஆச்சரியப்படுகிறார். காரை வைத்து யோசிக்கிறார்.

எப்படிக் கெடும் என்று சொல்கிறேன். முதலில் டீசல். டாங்க் பாதி காலியாக நின்றால், பகலில் சூடாகி ராத்திரியில் குளிரும்போது உள்ளே இருக்கிற காற்றின் ஈரம் சுவரில் வியர்த்து இறங்கும். அந்தத் தண்ணீர் டாங்கின் அடியில் தங்கும். தண்ணீரும் டீசலும் சேருகிற கோட்டில் ஒரு பூஞ்சை வளரும். வெப்பநாட்டில் அதற்குக் கொண்டாட்டம். கறுப்பாக, சளி மாதிரி இருக்கும். படகு கட்டிக் கிடக்கிறவரை அது ஒரு மூலையில் கிடக்கும். ஓனர் வந்திறங்கி, முதல் நாள் வெளியே போய், அலை டாங்கைக் குலுக்கியதும் மொத்தமும் கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கும். அதனால்தான் படகு நிற்கும் மாதங்களில் டாங்க் நிறைய டீசல் வைத்திருக்கிறோம், பூஞ்சைக்கொல்லி ஊற்றுகிறோம், தண்ணீர் பிரிக்கிற கிண்ணத்தை வாரா வாரம் திறந்து அடியைப் பார்க்கிறோம். கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டினால் போதும், ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்தாலும் தனியாகத் தெரியும்.

பிறகு, கடல்நீர் பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர். அதன் இதழ்கள் வளைந்தபடியே மாதக்கணக்கில் நின்றால் அந்த வளைவிலேயே இறுகிவிடும். அடுத்த முறை ஸ்டார்ட் செய்ததும் ஒரு இதழ் ஒடிந்து, குளிர்விப்பான் குழாய்க்குள் போய் உட்காரும். எஞ்சின் சூடாகும். ஆள் இம்பெல்லரை மாற்றுவார், ஆனால் ஒடிந்த துண்டைத் தேடமாட்டார். இரண்டாவது தடவை சூடாகும்போதுதான் அது ஞாபகத்துக்கு வரும். அடியில் இருக்கிற வால்வுகளைத் திறந்து மூடாமல் விட்டால் இறுகிப்போகும். அவசரத்துக்கு மூட வேண்டிய வால்வு மூடாது. பேட்டரி தானாகவே இறங்கும். பேட்டரி இறங்கினால் அடித்தளத் தண்ணீரை வெளியேற்றும் பம்பு நிற்கும். அது நின்றபின் படகு கட்டின இடத்திலேயே மூழ்க ஒரு சின்னக் கசிவு போதும். ப்ரொப்பெல்லரில் கொட்டலசு என்கிற ஓட்டு உயிர்கள் ஏறும். படகுத்துறையில் பக்கத்துப் படகின் மின்கசிவு நம் படகின் உலோகத்தைத் தின்னும். அதற்காகத்தான் துத்தநாகக் கட்டிகளைப் பலியாகக் கட்டித் தொங்கவிடுகிறோம். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். எங்கள் கட்டிகள் திடீரென்று வேகமாகக் கரைந்தால் பக்கத்தில் புதிதாக யார் வந்து கட்டியிருக்கிறார்கள் என்று முதலில் பார்ப்பேன்.

இவை எல்லாவற்றையும்விட நான் பயப்படுவது ஆஃப்டர்கூலருக்கு.

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அமுக்கினால் காற்று சூடாகும். அந்தச் சூட்டைத் தணிக்க ஒரு பெட்டி. அதற்குள் நூற்றுக்கணக்கான மெல்லிய குழாய்கள். குழாய்க்குள் கடல்நீர், வெளியே காற்று. பெட்டி அலுமினியம், குழாய் செம்பு-நிக்கல். உப்புநீர் பட்ட இடத்தில் இந்த இரண்டு உலோகமும் ஒன்றாக இருக்கவே கூடாது. நடுவில் அவற்றைப் பிரிப்பது சில ரப்பர் வளையங்களும் கொஞ்சம் கிரீஸும். வளையம் காய்ந்து, கிரீஸ் போய், அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து, ஒரு நாள் கடல்நீர் காற்றுப் பக்கம் கசியும். அங்கிருந்து அடுத்த நிறுத்தம் சிலிண்டர்தான். வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, எந்த அலாரமும் அடிக்காது. வால்வு துருப்பிடித்து, பிஸ்டன் வளையம் இறுகி, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும்போதுதான் தெரியும்.

இதற்கு ஒரே மருந்து, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதைக் கழற்றுவது. எஞ்சின் மணிக்கணக்கு குறைவாக இருந்தாலும் கழற்ற வேண்டும், ஏனென்றால் அரிப்புக்கு மணிக்கணக்கு தெரியாது, மாதக்கணக்குதான் தெரியும். எஞ்சின் அறையில் நிமிர்ந்து நிற்க முடியாது. முழங்காலில் உட்கார்ந்துகொண்டு, போல்ட்டைச் சிலுவைக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, பையன் ஒரு பக்கம் தாங்க நான் ஒரு பக்கம் தாங்கி வெளியே எடுப்போம். குழாய்களை மென்மையான அமிலத்தில் ஊறப்போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக்கொண்டு கழன்று வரும். நல்ல தண்ணீரில் அலசி, இரண்டு முனையையும் அடைத்து, காற்றழுத்தம் ஏற்றித் தொட்டியில் அமுக்கிப் பார்ப்போம். ஒரே ஒரு குமிழி எழும்பினாலும் அது குப்பைதான். எழும்பாவிட்டால் புது வளையம், உட்காருகிற இடமெல்லாம் தண்ணீர் புகாத கிரீஸ், மறுபடி மாட்டுவது. முடிந்ததும் படகைப் பார்த்தால் எதுவுமே மாறியிருக்காது. ஓனருக்கு போட்டோ அனுப்பினால் அவருக்கு அதில் காட்ட ஒன்றும் இருக்காது. ஆனால் அந்த ஒரு வேலையால் தப்பிக்கிற எஞ்சினின் விலையில் தூத்துக்குடியில் ஒரு விசைப்படகே வாங்கலாம்.

இந்தப் பேச்சையெல்லாம் நிரூபிக்கிற மாதிரி ஒரு காலம் வந்தது. 2020 மார்ச்சில் மொரீஷியஸ் தன் எல்லையை மூடியது. மே கடைசி வரை ஊரடங்கு. வேலைக்கு வெளியே போக போலீஸ் கொடுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். சூப்பர்மார்க்கெட்டுக்குப் போவதற்குக்கூடக் குடும்பப் பெயரின் முதல் எழுத்துப்படி நாள் குறித்திருந்தார்கள். எல்லை முழுதாகத் திறந்தது 2021 அக்டோபர் 1-ஆம் தேதி. நடுவில் ஒரு முழு மார்லின் சீசன் போய்விட்டது. 2020 ஜூலை 25 அன்று தென்கிழக்கே வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் பவளப்பாரில் ஏறி, ஆகஸ்டில் எண்ணெய் கொட்டியதும் அந்தக் காலத்தில்தான். கரும்புச் சோகையைத் துணிக்குள் திணித்து ஊர் மக்களே மிதவை தைத்துக் கடலில் போட்டார்கள். எல்லாத் திக்கிலும் கடல்தான் மனத்தில் இருந்தது.

எங்கள் ஓனர் மூன்று பேரையும் வைத்துக்கொண்டார். அதற்காக அவருக்கு நான் என்றும் நன்றியோடு இருப்பேன். அனுமதிச் சீட்டு கிடைத்த நாள் முதல் படகுக்குப் போனோம். கடலுக்குப் போக முடியாதபோது எஞ்சினைக் கையால் சுற்றிவிட்டோம். சுமை இல்லாமல் சும்மா ஸ்டார்ட் செய்து அரை மணி நேரம் விடுவது நல்லதென்று பலர் நினைக்கிறார்கள்; அதனால் கரிதான் சேரும். போக முடிந்ததும் வெளியே கொண்டுபோய், சூடு ஏறியபின் வேகம் கொடுத்து ஓட்டித் திரும்பினோம். ஜெனரேட்டர், ஏசி, கைரோ எல்லாவற்றுக்கும் முறை வைத்தோம். பெரிய ரீல்களின் பிரேக்கைத் தளர்த்தி வைத்தோம்; இறுக்கியபடியே விட்டால் உள்ளே இருக்கிற தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், மீன் கடித்து ஓடும்போது கயிறு விட்டு விட்டு வெளியேறும், தங்கூசி என்கிற நைலான் நரம்பு அறுந்துபோகும்.

அதே விரிகுடாவில் ஏறத்தாழ அதே வயதுள்ள இன்னொரு படகு. அதன் ஓனர் முதல் மூன்று மாதத்திலேயே எல்லோரையும் நிறுத்திவிட்டு, வாரத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்க ஒரு வாட்ச்மேனை மட்டும் வைத்தார். நல்ல மனிதர் அந்த வாட்ச்மேன். கயிறு சரியாக இருக்கிறதா, தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார். அதற்குமேல் அவருக்குத் தெரியாது, சொல்லிக்கொடுக்கவும் யாரும் இல்லை. 2021 கடைசியில் ஓனர் வருகிறார் என்று அவசரமாக எங்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்கள். எஞ்சின் அறையைத் திறந்ததும் புளித்த வாசனை. படுக்கை, மேற்கூரை எங்கும் பூஞ்சை. டீசல் ஃபில்டர் கறுப்புச் சேறு. இடது எஞ்சினின் ஆஃப்டர்கூலரைத் தொட்டதும் வெள்ளைப் பொடி உதிர்ந்தது. அந்த எஞ்சினைப் பிரித்தார்கள். உதிரிபாகம் கப்பலில் வர வேண்டும், அந்த நாட்களில் கப்பல் வருவதே தாமதம். அந்த சீசனும் அவருக்குப் போயிற்று. மூன்று பேருடைய ஒன்றரை வருடச் சம்பளத்தை மிச்சம் பிடித்து, அதைப்போலப் பல மடங்கு செலவழித்தார். எனக்கு அந்த ஓனர் மேல் கோபம் இல்லை. வேலையை விட்டு அனுப்பப்பட்ட அந்த மூன்று பேரை நினைத்துத்தான் வருத்தம். அதில் ஒருவர் அந்தப் படகோடு பத்து வருடத்துக்கு மேல் இருந்தவர். ஊரடங்குக் காலத்தில் வேறு வேலைக்கு எங்கே போவார்?

எஞ்சினைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். மீனைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரே ஆட்கள் வருடக்கணக்கில் சேர்ந்து வேலை பார்ப்பது எதற்கு உதவும் என்பது பின்தளத்தில்தான் கண்ணுக்குத் தெரியும்.

மணிக்கு எட்டு கடல் மைல் வேகத்தில் பொய்யிரைகளை இழுத்துக்கொண்டு போகிறோம். முழு வேகத்தில் இரண்டுமாக மணிக்கு 700 லிட்டருக்கு மேல் குடிக்கிற எஞ்சின்கள் இப்போது அதில் ஒரு சின்னப் பங்குதான் குடிக்கின்றன. பல மணி நேரம் எதுவும் நடக்காது. திடீரென்று பின்னால் தண்ணீர் பிளந்து, ரீல் அலறும். அந்த நொடியிலிருந்து யாரும் யாரிடமும் பேசுவதில்லை. நான் மற்றக் கயிறுகளைச் சுருட்டி எடுக்கிறேன். பையன் நாற்காலிக்குப் பின்னால் நின்று, கம்பின் நுனி எப்போதும் மீனைப் பார்த்தபடி இருக்க நாற்காலியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறான். தூண்டில் கம்பை ஓனரைத் தவிர யாரும் தொடக்கூடாது. தொட்டால் சர்வதேச விதிப்படி அது கணக்கில் வராது. ரீலின் பிரேக்கை அன்று காலையிலேயே தராசு மாட்டி அளந்து வைத்திருக்கிறேன்: 130 பவுண்டு தாங்கும் கயிறு என்றால் இழுவை 35-லிருந்து 40 பவுண்டுக்குள். மேலே கேப்டன் படகைப் பின்னோக்கி ஓட்டுகிறார். பின்தளத்துக்குள் அலை ஏறி முழங்கால் வரை தண்ணீர் நிற்கும். இரண்டு எஞ்சினும் மாறி மாறி முன்னும் பின்னும் போகிற சத்தத்தை வைத்தே மீன் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

கடைசியில் லீடர் மேலே வரும். கயிற்றின் முனையில் முள்ளோடு சேர்கிற, 9 மீட்டருக்கு மிகாத தடித்த தங்கூசி அது. அதைப் பிடிப்பது என் வேலை. தடித்த கையுறை, உள்ளங்கையில் இரண்டு சுற்று. ஒரு சுற்று போட்டால் வழுக்கும். இரண்டு சுற்று போட்டால் பிடியும் இருக்கும், கையைத் திறந்ததும் கழன்றும் போகும். இழுத்த கயிறு காலடியில் விழாமல் பையன் அதை எடுத்துக் கடலுக்குள் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு வளையம் என் கணுக்காலில் விழுந்து, மீன் திரும்பி ஓடினால் நானும் கூடவே போவேன். இப்படிப் போய் உயிரை விட்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. மீன் கடைசியாக ஒரு முறை பாய்கிற நொடியில் கேப்டன் எஞ்சினை முன்னுக்குப் போடுவார், நான் கையைத் திறப்பேன். 'விடு' என்று சொல்ல நேரம் கிடையாது. மூன்று பேரும் ஒருவர் உடம்பை ஒருவர் அறிந்திருந்தால்தான் இது நடக்கும். சீசனுக்குச் சீசன் புது ஆள் எடுக்கிற படகில் நான் லீடரைப் பிடிக்க மாட்டேன். இதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன்.

பக்கத்தில் வந்த மீனுக்கு அடையாளக் குச்சி குத்தி, முள்ளை எடுத்து, படகை மெதுவாக முன்னால் ஓட்டி அதன் வாய்வழியாகத் தண்ணீர் ஓடவிட்டு, நிறம் திரும்பியதும் விடுகிறோம். எங்கள் ஓனர் விடச் சொல்வார். வாடகைக்கு ஓடுகிற படகுகளில் பிடித்த மீன் படகுக்காரருக்கே என்பது இங்கே பழைய வழக்கம். புகைபோட்ட மார்லின் இல்லாத மொரீஷியஸ் விருந்து குறைவு. அதனால் வாழும் குடும்பங்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பெரியதெல்லாம் முட்டையிடும் தாய்மீன் என்று தெரிந்தபின் விடுகிற படகில் இருப்பது எனக்கு நிம்மதி.

கேப்டன் இந்த ஊர்த் தமிழர். முன்னோர்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. வீட்டில் பேசுவது கிரியோல். தமிழ் பள்ளிக்கூடத்தில் கொஞ்சம், கோவிலில் கொஞ்சம். என்னைத் 'தம்பி' என்பார், நான் 'அண்ணே' என்பேன். மற்றதெல்லாம் எங்களுக்குள் கிரியோலில்தான் ஓடும். அவர் தைப்பூசக் காவடி எடுக்கிறவர். மார்லின் சீசன் உச்சத்தில் இருக்கும்போதுதான் தைப்பூசம் வரும். பத்து நாள் விரதத்தில் மீன், கறி கிடையாது, தரையில் படுக்கை. அந்தப் பத்து நாளும் அவர் மீன்பிடிக்கப் போவதில்லை என்று ஓனரிடம் முதல் வருடமே சொல்லிவிட்டாராம். ஓனரும் தன் வருகையை அதற்கு ஏற்றமாதிரி வைத்துக்கொள்கிறார். இப்படி ஒருவரை ஒருவர் தெரிந்துவைத்திருப்பது ஒரு சீசன் ஆளோடு வராது.

2024-இல் ஜனவரி 15 அன்று பெலால் புயல் வந்தது. காவடி ஜனவரி 25. புயல் எச்சரிக்கை இங்கே நான்கு வகுப்பு. முதல் வகுப்பு அறிவித்ததுமே எங்கள் வேலை தொடங்கிவிடும், மூன்றாம் வகுப்பு வந்தபின் ரோட்டில் யாரும் நிற்கக்கூடாது. கட்டுக்கயிறுகளை இரட்டிப்பாக்கி, உராய்கிற இடத்திலெல்லாம் பழைய தீயணைப்புக் குழாயை வெட்டி உறையாகப் போட்டோம். அவுட்ரிகர், ஆன்டெனா, மேல்தளத் திரைகள் எல்லாம் இறங்கின. நாற்காலியைக் கழற்றிக் கரைக்கு அனுப்பினோம். பேட்டரி நிறைய சார்ஜ், பம்பு ஒவ்வொன்றையும் கையால் தூக்கிச் சோதித்தோம். போர்ட் லூயிஸில் வெள்ளம் கார்களை அடித்துக்கொண்டு போனது. எங்கள் படகில் ஒரு உறை தேய்ந்ததோடு சரி. அதற்குப் பிறகு கேப்டன் விரதத்துக்குப் போனார், நானும் பையனும் பத்து நாளும் படகில் ஏறிய உப்பைக் கழுவினோம். காவடியன்று கோவிலில் வாழையிலை போட்டு ஏழு கறியும் ரசமும். ஊரில் சாப்பிட்ட ரசத்துக்குப் பக்கத்தில் அதை வைக்கலாம்.

இப்போது, இந்த வேலைக்கு வர நினைக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கு. மெயிலில் கேட்கிறவர்கள் எல்லோரும் சம்பளத்தைத்தான் கேட்கிறார்கள். சி.டி.சி. என்கிற கப்பல் ஊழியர் பதிவுப் புத்தகம், அடிப்படைப் பாதுகாப்புப் படிப்புகள் எல்லாம் இருந்தால் நல்லது. டீசல் கையில் பட்ட அனுபவம் அதைவிட நல்லது. ஆனால் அவசியமாகத் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. கப்பல் ஊழியர்களின் உரிமைகளுக்கென்று 2006-இல் கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தம் வந்தது, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. அது வணிகத்தில் ஓடுகிற கப்பல்களுக்குத்தான். ஓனர் தன் சொந்த உல்லாசத்துக்கு மட்டும் வைத்திருக்கும் படகு அதற்குள் வராது. சரக்குக் கப்பலில் இருக்கிற உங்கள் சித்தப்பாவுக்கு இருக்கிற பாதுகாப்பு உங்களுக்குத் தானாக வந்துவிடாது. கையில் இருக்கிற ஒப்பந்தக் காகிதம்தான் உங்கள் சட்டம்.

அதனால் காகிதத்தைப் பாருங்கள். படகு பெரும்பாலும் ஒரு கம்பெனி பெயரில் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறவரும் சம்பளம் போடுகிறவரும் ஒருவர்தானா? இந்த நாட்டின் வேலை அனுமதி யார் பொறுப்பு? ஊர் திரும்ப டிக்கெட், வேலையை அவர்கள் நிறுத்தினாலும் உண்டா? கடலில் அடிபட்டால் மருத்துவக் காப்பீடு உண்டா, விரல் போனால் என்ன தருவார்கள்? பாஸ்போர்ட் உங்கள் பெட்டியில் இருக்குமா, அவர்கள் அலமாரியிலா? எல்லாவற்றுக்கும் மேலே, படகு நிற்கும் மாதங்களுக்குச் சம்பளம் என்ன?

பையனை வேலைக்கு எடுத்தபோது அவனுக்குத் தயாரித்த காகிதத்தில் அந்தக் கடைசி விஷயம் இல்லை. கேப்டன் அண்ணன் பேனாவால் ஒரு வரி எழுதிச் சேர்த்தார்: படகு ஓடினாலும் நின்றாலும் பன்னிரண்டு மாதமும் முழுச் சம்பளம். கணக்குப்பிள்ளை ஆட்சேபித்தார். ஓனர் காகிதத்தை வாங்கி, அந்த வரிக்குப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, ஏப்ரலில் எஞ்சின் வேலை எப்போது தொடங்குகிறோம் என்று என்னிடம் கேட்டார்.